வெட்டிய படத்தில் ஏழு பேர்

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்குப் பரிஸில் ஒரு கிளை இருக்கிறது. அதற்குள் மகளிர் பிரிவு என்று ஒன்றும் இருக்கிறது. மகளிர் பிரிவு என்றால் வேறொன்றுமில்லை, வடை. ஒன்றுகூடலுக்கு வடை, ஆண்டறிக்கை வாசிக்கிற கூட்டத்துக்கு வடையும் சம்பலும். பல வருடமாக நான்தான் அந்தப் பிரிவின் செயலாளர். கிழமை முழுக்க லா சப்பலில் ஒரு சீலைக்கடையில் நின்றபடி வேலை செய்கிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமையும் நின்றபடியே வடை தட்டுவது ஒரு கஷ்டமில்லை. ஆனால் நீ யார் என்று ஒருவர் கேட்டால் வடைக்காரி என்று சொல்ல மாட்டேன். நான் கூடைப்பந்துக்காரி. இதைச் சொல்லும்போது இப்போதும் என் முதுகு தானாக நிமிரும்.

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். எங்களுடையது ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த கல்லூரி. ஒரே மைதானம், ஒரே சீமெந்துத் தரை, இரண்டு பக்கமும் இரண்டு வளையம். பின்னேரங்களில் பெடியள் விளையாடுவார்கள். விடிய, வெயில் ஏறுமுன் நாங்கள். நாங்கள் ஏழே ஏழு பேர். பொருளாதாரத் தடைக் காலம் அது. மண்ணெண்ணெய் இல்லை, பற்றறி இல்லை, பந்துக்குக் காற்றடிக்கிற ஊசிகூட ஒன்றே ஒன்றுதான். அதைச் சங்கிலியில் கோத்துத் தலைவி கழுத்தில் போட்டிருப்பாள்.

அந்தக் காலத்தில் கூடைப்பந்தில் நம்பர் நான்கிலிருந்துதான் தொடங்கும். ஒன்று, இரண்டு, மூன்றெல்லாம் நடுவர் விரல் காட்டுவதற்கு. எங்கள் தலைவி நான்கு. நான் ஆறு. பத்தாம் நம்பர்தான் எங்கள் எல்லாரிலும் கெட்டிக்காரி. தரைக்குள் இறங்கிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், நம்பர்தான். பத்து, பந்தை எடுத்ததும் ஒரு தடவை என்னைப் பார்ப்பாள். பிறகு "ஆறு, ஓடு!" என்று ஒரு சத்தம். திரும்பிப் பாராமல் நான் ஓடுவேன். நான் போய்ச் சேருகிற இடத்துக்கு எனக்கு முன்னமே பந்து வந்திருக்கும்.

பத்து கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை. தகப்பன் கடற்றொழில். கல்லூரியில் அதை வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பரிசளிப்பு விழா வரும்போது எப்படியோ எல்லாருக்கும் அது நினைவுக்கு வந்துவிடும். மற்றப் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிடுவார்கள். கூடுதல் புள்ளி எடுத்த அவளை மறந்துபோவார்கள்.

போன வருடம் சங்கம் கல்லூரியின் கூடைப்பந்து வரலாற்றை ஆவணப்படமாக எடுப்பது என்று தீர்மானித்தது. தலைவர் இங்கேயே நகைக்கடை வைத்திருக்கிறவர். என்னை விட நாலைந்து வயது மூத்தவர், பெடியளின் அணிக்குத் தலைவராக இருந்தவர். நாங்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். படத்தை இயக்கினது பரிஸுக்குப் பக்கத்தில் பொபினியில் பிறந்து வளர்ந்த ஒரு பெண். அவளுடைய தகப்பனும் அண்ணையோடு விளையாடினவர். நல்ல பிள்ளை. தமிழை யோசித்து யோசித்துக் கதைப்பாள், ஆனால் கேள்வியை யோசிக்காமல் கேட்பாள்.

படம் முடிகிற தறுவாயில், ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடியில் செயற்குழுவுக்குப் போட்டுக் காட்டினார்கள். நான் வடையோடு போனேன். நாற்பது நிமிடப் படம். பெடியள் ஓடுகிறார்கள், பெடியள் கேடயம் தூக்குகிறார்கள், தொப்பை வைத்த பழைய பெடியள் கதிரையில் இருந்து கண்கலங்குகிறார்கள். நானும் கலங்கினேன், பொய் சொல்லக்கூடாது. அந்தச் சீமெந்துத் தரையைப் பார்த்தால் எனக்குக் கலங்காமல் என்ன செய்யும்? ஆனால் ஒரு பெண்பிள்ளையின் தலைமயிர்கூட அதில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் ஏழு பூசணிக்காயை மறைத்திருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேனோ தெரியாது. கடைசியில் அண்ணை திரையில் வந்து, "தடைக்காலத்திலை வளையத்துக்கு வலை இல்லை. நாங்கள் மீன்வலை நூலாலை பின்னிப் போட்டு விளையாடினனாங்கள்" என்று பெருமையாகச் சொன்னார். அந்த வலையைப் பின்னினது பத்தாம் நம்பர். தரை ஓரத்தில் சப்பணம் கட்டி இருந்து, தகப்பனின் வலை நூலையும் ஊசியையும் கொண்டுவந்து, இரண்டு வளையத்துக்கும் இரண்டு நாளில் பின்னி முடித்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணை, அந்த வலையிலை முடிச்சு எப்பிடிப் போடுறது எண்டு ஒருக்கால் காட்டுங்கோ பாப்பம்" என்றேன்.

அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றது. வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொன்னேன். வலை பின்னினது யார், விடியற்காலையில் விளையாடினது யார், ஏன் ஒருத்தியும் படத்தில் இல்லை.

இயக்கின பிள்ளை கையை விரித்தாள். "அன்ரி, எனக்குத் தந்த பெட்டி முழுக்கப் பெடியன்களின்ரை படம்தான். நான் கேட்டனான். பொம்பிளைப் பிள்ளையளின்ரை படம் இல்லை எண்டு சொன்னவை."

அண்ணை கெட்ட மனிதர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கச்சி, நீங்கள் சொல்லுறது சரிதான். எனக்கும் இப்பதான் ஞாபகம் வருது. ஆனால் வரலாறு எண்டால் ஆதாரம் வேணும். ஒரு படம் இருந்தாக் கொண்டாங்கோ, கட்டாயம் போடுவம்" என்றார். மொந்தாஜ் முடிக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்றாள் பிள்ளை. படத்தொகுப்புக்கு அவள் வாயில் வருகிற சொல் அதுதான்.

வீட்டுக்கு வருகிற மெத்ரோவில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். ஏனென்றால் படம் ஒன்று இருந்தது. அதை இல்லாமல் செய்தது எங்கள் வீடு.

சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஏழு பேரையும் நிற்க வைத்து ஸ்ரூடியோக்காரர் ஒரு படம் எடுத்தார். பிலிம் கிடைக்காத காலம். கழுவிப் போட ஒரு பிரதிக்குத்தான் தாள் இருந்தது. ஒரு பள்ளிக்கூடக் கொப்பி அளவில் பெரிய படம். நடுவில் பத்து, கையில் பந்தோடு. பந்தைத் தலைவிதான் பிடிக்க வேண்டும், ஆனால் தலைவி "நீதானடி போடுறனீ, நீயே பிடி" என்று கொடுத்துவிட்டாள். அவளுக்கு இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். இருப்பது ஒரு படம் என்றபடியால், நம்பர் வரிசைப்படி ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு கிழமை வைத்திருப்பது என்று முடிவெடுத்தோம். நான்கின் வீட்டில் ஒரு கிழமை, ஐந்தின் வீட்டில் ஒரு கிழமை, பிறகு என் வீடு.

என் கிழமையில்தான் பரிஸ் மாப்பிள்ளையின் பேச்சு வந்தது. பெண்ணின் படம் உடனே வேண்டும், நாளைக்கு ஒருவர் கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்குப் போகிறார், கையில் கொடுத்துவிடலாம் என்றார் தரகர். படம் எடுக்க ஸ்ரூடியோவில் பிலிம் இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா வேலையை முடித்திருந்தார். தையல் கத்தரிக்கோலால் இடுப்புக்கு மேலே என்னை நேர்த்தியாக வெட்டி எடுத்து, கடித உறைக்குள் வைத்து ஒட்டியும் விட்டார். காற்சட்டையோடு மகளின் கால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக்கூடாது அல்லவா?

நான் கத்தினேன், அழுதேன். அன்று சாப்பிடவில்லை. ஆனால் உள்ளுக்குள், அந்தத் துண்டில் நான் வடிவாக விழுந்திருந்தேனா என்று யோசித்துக்கொண்டும் இருந்தேன். பதினெட்டு வயது.

மறுநாள் படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, "எலி கடிச்சுப் போட்டுது" என்றேன். பத்து அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்ல படிச்ச எலி போலை. நேர்கோட்டிலை கடிச்சிருக்கு" என்றாள்.

ஓட்டை விழுந்த படம்தானே என்று பிறகு மற்ற அம்மாக்களுக்கும் துணிவு வந்துவிட்டது. உங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் கல்யாணமோ என்று நான்கின் தாய் திருப்பி வாங்கி வெட்டினார். ஐந்தின் தாய் வெட்டினார். ஏழு, எட்டு, ஒன்பது என்று கத்தரிக்கோல் வரிசையாகப் போனது. பத்தின் முறை கடைசி. அவள் வீட்டுக்குப் போன படத்தில் ஆறு ஓட்டை இருந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்க எனக்கு முகம் இல்லை. நான் பரிஸுக்கு வந்தேன். மற்ற ஐந்து பேரும் ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ என்று போனார்கள். முப்பது வருடமாக ஒரு கடிதம்கூட நான் பத்துக்கு எழுதவில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் தலைவியிடம் பத்தின் போன் நம்பரை வாங்கினேன். பத்து யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை, மூன்று பிள்ளைகள் என்று சொன்னாள். நான் நான்கு தரம் நம்பரை அழுத்தி, நான்கு தரமும் மணி அடிக்கமுன் வைத்துவிட்டேன். ஐந்தாம் தரம் அவள் எடுத்துவிட்டாள்.

"ஆர்?"

"நான்... ஆறாம் நம்பர்."

"எலி கடிச்ச ஆளோ?" என்று கேட்டாள்.

நான் அழுதேன். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். படம், வலை, அண்ணை, ஆதாரம். அம்மா வெட்டினதையும், நான் பொய் சொன்னதையும் முதல் தடவையாக வாயால் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். "எங்கடை வீட்டிலை என்னை வெட்டேல்லை. வெளிநாட்டிலை இருந்து என்னை ஆர் கேட்டவை? அதாலை நான் முழுசா நிக்கிறன். மிச்சமும் என்னட்டைத்தான் கிடக்கு. நீங்கள் எல்லாரும் தலையைக் கொண்டு போட்டியள், உங்கடை கால் எல்லாம் இஞ்சை என்னோடைதான்."

இடம்பெயர்ந்து ஓடினபோதும் அதை ஒரு கொப்பிக்குள் வைத்துக் கொண்டு ஓடியிருக்கிறாள். வீட்டுப் பத்திரத்தை விட்டுவிட்டு வந்ததாகத் தகப்பனிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறாள்.

அடுத்த நாள் படம் போனில் வந்தது. நடுவில் அவள், தலை முதல் சப்பாத்து வரை முழுமையாக, கையில் பந்து. இரண்டு பக்கமும் ஆறு சோடி கால்கள். மேலே ஆறு ஓட்டை.

இயக்கின பிள்ளையிடம் காட்டினேன். அவள் கடை நடுவிலேயே துள்ளினாள். "அன்ரி, இது காணும், வேறை ஒண்டும் தேவையில்லை! நடுவிலை நிக்கிற ஆளை மட்டும் வெட்டி எடுத்தாத் திரை முழுக்கப் போடலாம்."

"ஒருக்கால் வெட்டினது காணும் பிள்ளை" என்றேன். ஏனென்றால் பத்து தொலைபேசியில் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தாள்: "என்னை மட்டும் தனியப் போடாதேங்கோ. போட்டா ஏழு பேரும். இல்லாட்டி வேண்டாம்." அவளை முப்பது வருடம் தனியாக நிற்க விட்டவர்கள் நாங்கள். இந்தத் தடவையும் விட்டால் நான் மனிசியே இல்லை.

அதனால் தலைகளைத் தேடத் தொடங்கினேன். முதலாவது தலை பக்கத்திலேயே படுத்திருந்தது, என் கணவரின் பேர்ஸுக்குள். கல்யாணத்துக்கு முன் வந்த அந்தத் துண்டை அவர் இன்றுவரை வைத்திருக்கிறார். மாமிக்கு அந்தப் படம் போனபோது நடந்த கூத்து எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். நெஞ்சில் பெரிதாக ஆறு என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, தரகர் பெண்களுக்கு நம்பர் போட்டு அனுப்புகிறார், இது ஆறாவது பெட்டை, மிச்சம் ஐந்தையும் காட்டச் சொல்லுங்கோ என்று மாமி ஒற்றைக்காலில் நின்றாராம்.

"இஞ்சேரும், திருப்பித் தருவீரோ?" என்று கேட்டுத்தான் கணவர் துண்டைக் கொடுத்தார். ஏன் என்னைப் பிடித்தது என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை, அன்று கேட்டேன். "அதிலை நீர் ஆரையோ முறைச்சுப் பாக்கிறீர். மற்றப் படங்களிலை எல்லாரும் பவுடர் போட்டுக்கொண்டு குனிஞ்சு நிண்டவை" என்றார். ஐம்பது வயதில் எனக்கு வெட்கம் வந்தது.

ஐந்தாம் நம்பரின் துண்டு லண்டனில் கல்யாண அல்பத்தின் முதல் பக்கத்தில் பசையால் ஒட்டிக் கிடந்தது. ஒன்பதின் துண்டில் நெற்றியில் ஒரு பொட்டு, நீலப் பேனையால் போட்டது. வேர்வையில் பொட்டு அழிந்துபோய் நின்ற மகளுக்குத் தாய் வெட்டின கையோடு பொட்டும் வைத்து அனுப்பியிருந்தார். துண்டை இத்தனை வருடம் வைத்திருந்தும், ஏழின் கணவருக்கு மனைவி பந்து விளையாடினதே தெரியாது. இப்போது பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லித் திரிகிறாராம். ஒவ்வொரு தலையும் போனில் வந்து விழ, ஒவ்வொரு தடவையும் நான் கடையில் நின்று சத்தம் போட்டேன். சீலை பார்க்க வந்தவர்கள் லொத்தோவில் பரிசு விழுந்ததோ என்று கேட்டார்கள்.

எட்டின் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. அதைச் சுவிஸ் மாப்பிள்ளை ஒருவருக்கு அனுப்பினார்கள். பெண் கறுப்பு என்று அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள், படத்தையும் திருப்பி அனுப்பவில்லை. எட்டு இப்போது ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறாள். வேறு படம் ஒன்று அனுப்பு, அந்த இடத்தில் வைக்கலாம் என்று கேட்டேன். "ஏன்? என்ரை காலும் சப்பாத்தும் நிக்குதுதானே. ஓட்டையை அப்பிடியே விடுங்கோ. பாக்கிற ஆக்கள் கேக்கட்டும், நான் சொல்லுறன்" என்றாள்.

அப்படியே விட்டோம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் எபினேயில் ஒரு மண்டபத்தில் படத்தைத் திரையிட்டார்கள். நான் சொல்லிவிட்டேன், இன்றைக்கு வடை இல்லை, கடையில் வாங்குங்கோ என்று. கூறைச்சேலைக்கு அடுத்தபடியாக என்னிடம் இருக்கிற நல்ல பட்டைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். கையில் போன், போனில் பத்து. அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், பின்னால் அவளுடைய பிள்ளைகளின் தலைகள் தெரிந்தன. போனை மண்டபத்து ஒலிபெருக்கியோடு இணைக்கச் சொன்னது அண்ணைதான்.

வலை வருகிற இடம் வந்தது. அண்ணை அந்த இடத்தைத் திரும்பப் பேசி எடுத்திருந்தார். "இந்த வலையைப் பின்னினது எங்கடை பெண்கள் அணியின்ரை பத்தாம் நம்பர். கடற்கரைத் தெருப் பிள்ளை. அந்த வலைக்குள்ளைதான் நாங்கள் எல்லாரும் பந்து போட்டனாங்கள். அவவை ஒரு நாளும் மேடையிலை ஏத்தேல்லை. அது எங்கடை பிழை" என்று சொன்னார். நகைக்கடையில் ஒரு குண்டுமணித் தங்கத்துக்கு வாதாடுகிற மனிதர் இதை ஒரு வாதமும் இல்லாமல் சொன்னார். அன்றோடு எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

பிறகு படம் வந்தது. முதலில் கால்கள் மட்டும். நடுவில் பத்து. பிறகு ஒவ்வொரு தலையாக வந்து தன் தன் காலின் மேல் நின்றது. வெட்டின கோடுகளைப் பிள்ளை மறைக்கவில்லை, வெள்ளையாகத் தெரியும்படி விட்டிருந்தாள். பொட்டு வைத்த ஒன்பது, முறைத்துக்கொண்டு நிற்கிற நான், எட்டின் ஓட்டை. மண்டபம் எழும்பிக் கைதட்டியது. பெடியளின் அணியில் விளையாடினவர்கள் முதலில் எழும்பினார்கள். இவ்வளவு பெருமையை நான் என் பிள்ளைகளின் பட்டமளிப்பிலும் பட்டதில்லை, பிள்ளைகள் கோவிக்கக்கூடாது.

போனைப் பார்த்தேன். பத்து கண்ணைத் துடைக்கவில்லை. திரையில் தன் கையிலிருந்த பந்தைப் பார்த்தாள், பிறகு ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"ஆறு, ஓடு!"

மண்டபத்து ஒலிபெருக்கி முழுக்க அந்தச் சத்தம். ஒரு முழங்கால் தேய்ந்து, டொக்ரர் படியேற வேண்டாம் என்று சொன்ன பொம்பிளை நான். பட்டுச்சீலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் போனும் அதில் பத்துமாக, அத்தனை பேருக்கு முன்னாலும், திரும்பிப் பாராமல் மேடைக்கு ஓடினேன்.